சொல்லாமல் கொள்ளாமல்

கோகிலவாணிக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அவளுடைய அப்பா பல்லடம் முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் அந்த வேலை பாதியில் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பை எடுத்துப் பேசும் வேலை. எழுத்துத் தேர்விலும் குரல் தேர்விலும் நல்லபடியாகத் தேறியிருந்தாள். இருப்புச் சான்று மட்டும்தான் பாக்கி. அதைத் திரையில் பார்த்த அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எண்திசையில உங்க பேருக்கு நேரா 'வாக்கு தவறியவர்'னு இருக்குங்களே. சரி பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் எடத்த வச்சிருக்கறேன். ரொம்ப நாளைக்கு முடியாதுங்க."

எண்திசை ஒரு விளையாட்டுதான். ஆனால் அதை விளையாட்டு என்று யாரும் லேசாகச் சொல்லிவிட முடியாது. எட்டுப் பேர் எட்டு வீடுகளில், கேரம்போர்டு அளவுள்ள ஆட்ட மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, ஆளுக்கொரு நாட்டை ஆள வேண்டும். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு நகர்த்தல். ஆட்டம் முடிய மாதக்கணக்கில் ஆகும். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் பாதியில் எழுந்து போகிறவர்கள்தான் இதில் பெரிய தலைவலி. ஒருவர் எழுந்துவிட்டால் அவர் நாட்டை அக்கம்பக்கத்து நாடுகள் பிய்த்துத் தின்றுவிடும். அவரை நம்பிக் கூட்டு வைத்தவர் நடுத்தெருவில் நிற்பார். அதனால்தான் மேசைக்குள் நடுவன் என்ற இயந்திரத்தை வைத்தார்கள். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் எழுந்தார், என்ன சொல்லிவிட்டு எழுந்தார் என்பதையெல்லாம் அது காதில் வாங்கிக்கொள்ளும்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பாதியில் எழுந்து போகாத குணம் ஆட்டத்துக்கு மட்டுமா வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்தார். அணைக்கட்டு மதகு பார்ப்பவர், தீயணைப்புக்காரர், ஆம்புலன்ஸ் அறையில் இருப்பவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் எண்திசையின் இருப்புச் சான்று கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது கல்யாணத் தரகர்கள்கூட ஜாதகத்தைப் புரட்டும் முன் அதைத்தான் கேட்கிறார்கள். "பையன் எப்படிங்க, பாதியில எந்திரிக்கற ஆளா?"

கோகிலா பாதியில் எழுந்தவள்தான். அதை அவள் மறுக்கவில்லை. கிழக்கு நாடு அவளுடையது. வடக்கு நாட்டுக்காரர் ஒவ்வொரு கோட்டையாகப் பிடுங்கிக்கொண்டு வந்தார். காலையில் எழுந்து தோற்பதற்கென்றே மேசைக்கு முன்னால் உட்காருவது அவளுக்குச் சலித்துவிட்டது. ஆனால் அவள் மரியாதை தெரியாத பெண் அல்ல. எழுவதற்கு முன்னால் எல்லோரிடமும், "கொஞ்சம் வேல இருக்குதுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். அந்தச் சொல்தான் இப்போது அவள் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

கோயம்புத்தூரில் எண்திசை நிறுவனத்தின் முறையீட்டு அலுவலகம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. விசாரணை அலுவலர் நூருன்னிஸா நாற்பதைத் தாண்டியவர். ஒரு நாளைக்கு எத்தனை பேரின் சாக்குகளைக் கேட்பாரோ, முகத்தில் அலுப்பும் சிரிப்பும் சரிபாதியாகக் கலந்திருந்தன.

"நீங்க பேசாம எந்திரிச்சுப் போயிருந்தா இந்தப் பிரச்சினையே இல்லம்மா" என்றார்.

"எப்படிங்க மேடம்?"

"சொல்லாம கொள்ளாமப் போனா நடுவன் 'முறையற்றவர்'னு போடும். சின்னப் புள்ளி. கொஞ்ச மாசத்துல தானா அழிஞ்சிரும். 'நான் போறேன், இனிமே ஆடல'ன்னு சொல்லிட்டுப் போனா அதுவும் இல்ல. ஆனா நீங்க வர்றேன்னு சொல்லிட்டீங்க. நடுவன் பாவம், ஒரு பருவம் முழுக்க உங்களுக்காகக் காத்திருந்திருக்கு. நீங்க வரல. 'வாக்கு தவறியவர்'னு போட்டுருச்சு. அது தானா அழியாது."

கோகிலாவுக்குக் கோபத்தில் காது சிவந்தது. "வீட்ட விட்டுக் கெளம்பறப்ப யாராச்சும் போறேன்னு சொல்லுவாங்களா மேடம்? சொன்னா எங்கம்மா வாயிலயே போடுவாங்க. வர்றேன்னா, போயிட்டு வர்றேன்னு ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானுங்களே?"

"எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியுது. நடுவனைச் செஞ்சவங்களுக்குத் தெரியலியே. அவங்க ஊர்ல போறேன்னா போறது, வர்றேன்னா வர்றது." நூருன்னிஸா மேசையில் இருந்த தண்ணீரை அவள் பக்கம் தள்ளினார். "இதே மாதிரி நம்ம பக்கத்துல நிறையப் பேரு மாட்டியிருக்காங்க. அதுக்கு ஒரு வழி வச்சிருக்கோம். உங்களால பாதிக்கப்பட்டவரு உங்க கூட்டாளி. அவரு வந்து, 'அவங்க வர்றேன்னு சொன்னத நான் விடைபெறுறதாத்தான் எடுத்துக்கிட்டேன், திரும்பி வருவாங்கன்னு எதிர்பார்க்கல'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அழிச்சிடலாம். பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. யாரு உங்க கூட்டாளி?"

"தென்கிழக்கு" என்றாள் கோகிலா. சொன்ன பிறகுதான் அவர் பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்பது உறைத்தது.

தென்கிழக்கின் பெயர் மருதாசலம் என்று நூருன்னிஸா பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார். உடுமலைப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. கோகிலா போய்ச் சேர்ந்தபோது ஒரு பம்பு மோட்டாரின் வயிற்றுக்குள் கையை விட்டுச் செம்புக் கம்பியை உருவிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். குரலைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"கிழக்கு அம்மிணிங்களா?"

"ஆமாங்ணா. எப்படிங்ணா கண்டுபிடிச்சீங்க?"

"மேசையில கேட்ட கொரலாச்சுங்களே" என்று கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க, வாங்க. வர்றேன்னு சொன்னீங்க, ஊட்டுக்கே வந்துட்டீங்க! உள்ள வாங்க அம்மிணி. காபி போடச் சொல்லக்கூட ஆளில்லீங்க, நானே போடறேன். என்ற ஊட்டுக்காரி மைசூரு போயிருக்கறா. பொண்ணுக்குக் கொழந்த பொறந்திருக்குதுங்க."

"சந்தோசங்ணா. என்ன கொழந்தைங்க?"

"பேத்திங்க. இன்னும் நேர்ல பாக்கல. போன்ல காட்டுனாங்க. நல்லா சேப்பா இருக்கறா."

நடுவீட்டில் ஆட்ட மேசை இருந்தது. அதன்மேல் ஒரு தூசு இல்லை. கோகிலாவின் மேசை கட்டிலுக்கடியில் ஒட்டடை பிடித்துக் கிடந்தது. மருதாசலம் மேசையில் உள்ளங்கையை வைத்ததும் எட்டு நாடுகளும் பச்சையும் பழுப்புமாக எழுந்து நின்றன. கோகிலா முதலில் கிழக்கைத்தான் தேடினாள். அது இந்நேரம் இல்லாமல் போயிருக்கும் என்றே நினைத்திருந்தாள். ஆனால் கிழக்கு அப்படியே இருந்தது. அவள் விட்டுவிட்டுப் போன கோட்டைகள், ஏரி, களஞ்சியங்கள் எல்லாம் இருந்தன. பக்கத்தில் தென்கிழக்கைக் காணோம். கடலோரத்தில் இரண்டு ஊர்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"உங்க நாடு எங்கீங்ணா?"

"அது போச்சுதுங்க" என்றார், பழைய சைக்கிளைப் பற்றிச் சொல்வது போல. "ஒரு ஆளு ரெண்டு நாட்டையும் பாக்கறது செரமமுங்க அம்மிணி. என்ற படை ஆளுகளக் கொண்டாந்து உங்க எல்லையில நிறுத்துனேன். அந்த நேரம் பாத்து வடக்குக்காரன் இந்தப்பக்கம் பூந்துட்டான். பரவால்லீங்க. வர்றேன்னு சொல்லிட்டுப் போனவங்க வந்து பாக்கறப்ப எடம் இல்லாமப் போனா நல்லாவா இருக்கும்?"

மருதாசலம் கொடுத்த காபியைக் கோகிலா குடிக்காமல் கீழே வைத்தாள். வந்த காரியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சுற்றி வளைத்தாள். வேலை, சான்று, நடுவன், நூருன்னிஸா என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் அந்த ஒரு வாக்கியத்துக்கு வந்தாள். நான் திரும்பி வருவேன் என்று நீங்கள் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

மருதாசலம் கிழக்கின் எல்லையில் நின்ற தன் படையைப் பார்த்தார்.

"எதிர்பாக்கலைன்னு சொன்னா வேல கெடைச்சிருங்களா?"

"கெடைச்சிருங்ணா."

"அப்பறமென்னங்க, சொல்லிப்புடலாம்." சிரித்தார். சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை. "ஆம்புலன்சுக்கு ஆளு வேணுமல்லங்க. நானு வந்து சொல்றேன்."

பேருந்தில் திரும்பும்போது வேலை கிடைத்துவிடும் என்ற நிம்மதி கோகிலாவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜன்னல் ஓரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே வந்தன. இந்த மனிதர் ஏன் மைசூருக்குப் போகவில்லை என்று அவள் யோசித்தாள். ஆட்டம் தொடங்கிய மேசையில்தான் ஆட்டத்தை முடிக்க வேண்டும். மேசையை அந்த வீட்டை விட்டு வெளியே கொண்டுபோனால் அது திறக்காது. தினமும் காலையில் அவருடைய உள்ளங்கை அதன்மேல் இருந்தாக வேண்டும். பேத்தியைப் போனில் பார்த்துக்கொண்டு கிழக்கின் எல்லையில் அவர் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் சாட்சியை வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. வீட்டில் அப்பா புதுச் செருப்பு வாங்கி வைத்திருந்தார், வேலைக்குப் போட்டுக்கொண்டு போக.

விசாரணை நாளன்று மருதாசலம் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். விரல் நகங்களில் மட்டும் வார்னிஷ் கறை போகவில்லை. அதை மறைக்கக் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். நூருன்னிஸாவின் மேசையில் நடுவனுக்கான ஒலிப்பெட்டி இருந்தது.

"சொல்லுங்க ஐயா" என்றார் நூருன்னிஸா. "கிழக்கு நாட்டுக்காரங்க வர்றேன்னு சொல்லிட்டு எந்திரிச்சப்ப, திரும்பி வருவாங்கன்னு நினைச்சீங்களா?"

மருதாசலம் தொண்டையைச் செருமினார். "அது வந்துங்க..." என்றார். கோகிலாவைப் பார்த்தார். மறுபடி செருமினார். "எல்லாரும் சொல்றதுதானுங்களே. நானு ஒண்ணும்... நானு வந்து..."

அவருக்கு வியர்த்துவிட்டது. வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியது. பாவம், அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பேத்தியைப் பார்க்கப் போகாமல் உட்கார்ந்திருந்த மனிதரை இப்போது தனக்காகப் பொய் சொல்லவும் வைத்திருக்கிறோம் என்பது கோகிலாவுக்கு உறைத்தது.

"வேண்டாங்ணா" என்றாள். "மேடம், அவருக்கு நான்தான் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்தேன். அவரு காத்துட்டுத்தான் இருந்தாரு. இன்னிக்கு வரைக்கும் காத்துட்டு இருக்கறாரு. அவரு நாட்ட வுட்டுட்டு என்ற நாட்டப் பாத்துட்டு இருக்கறாரு. நடுவன் போட்டது சரிதான். எனக்கு அவசர வேலையும் ஒண்ணுமில்ல. தோக்கற ஆட்டம், சலிச்சுப் போய் எந்திரிச்சேன்."

சொல்லி முடித்ததும் வேலை போய்விட்டது என்று தெரிந்தது. அப்பாவின் முகமும் அந்தச் செருப்பும் கண்முன் வந்தன. மருதாசலம், "அம்மிணி, எதுக்குங்க இப்படி?" என்று பதறினார்.

நூருன்னிஸா மட்டும் பேனாவைக் கீழே வைத்தார். "இருங்க. உங்க நாடு இன்னும் இருக்கா?"

"இருக்குதுங்க மேடம். முழுசா இருக்குது."

"யாரும் பிடிக்கலியா? இத்தனை நாளா?"

"புடிக்க உடலீங்க" என்றார் மருதாசலம், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல.

நூருன்னிஸா ஒலிப்பெட்டியின் பக்கம் திரும்பி எதையோ கேட்டார். அது பதில் சொன்னது. அவர் முகத்திலிருந்த அலுப்பு காணாமல் போயிற்று. "இதுக்குன்னு ஒரு விதி இருக்கும்மா. நான் இந்த நாற்காலியில உக்காந்ததிலேருந்து ஒரு தடவகூட அதைத் தொட்டதில்ல. போனவங்களோட இடத்தைக் கூட்டாளி காப்பாத்தி வச்சிருந்தா, சொன்ன வாக்கு இன்னும் முடியலன்னு அர்த்தம். திரும்பி வந்து உக்காந்தீங்கன்னா அன்னிக்கே பேரு அழிஞ்சிரும். ஆனா ஆட்டம் முடியிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா மறுபடி ஏறிடும். யாரும் இந்த விதியைக் கேட்டு வர்றதில்ல. கூட்டாளிங்க அவ்வளவு நாள் காத்திருக்கறதில்ல."

மருதாசலம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப நாளைக்குக் காலையில வந்துருவீங்களா அம்மிணி?"

"வந்துர்றேங்ணா" என்றாள். அப்படிச் சொல்லும்போது நடுவனின் பெட்டியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கட்டிலுக்கடியிலிருந்த மேசையை அவளும் அப்பாவுமாக இழுத்துப் போட்டுத் துடைத்தார்கள். அப்பாவுக்கு விவரம் முழுக்கப் புரியவில்லை. விளையாடினால்தான் வேலை என்றால் விளையாடிவிட்டுப் போ என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். அவள் உள்ளங்கையை வைத்தாள். கிழக்கின் விளக்கு எரிந்தது.

"கிழக்கு திரும்பியது" என்றது நடுவன். அதற்குப் பெரிய மரியாதைக் குரல், செய்தி வாசிப்பவரைப் போல.

"வாங்க அம்மிணி" என்றது தென்கிழக்கு. அந்தக் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டபோது, அந்த மனிதர் எவ்வளவு களைத்துப் போயிருக்கிறார் என்று கோகிலாவுக்கு முதன்முறையாகப் புரிந்தது. அவர் ஒவ்வொன்றாக ஒப்படைத்தார். இந்த ஏரியின் மதகு சரியாக மூடாது, பார்த்துக்கொள்ளுங்கள். வடக்குக்காரன் செவ்வாயும் வெள்ளியும் நகர மாட்டான், ஏனென்று தெரியவில்லை. களஞ்சியத்தில் நெல் இருக்கிறது, என்னுடையதையும் அதிலேயே கொட்டிவிட்டேன். படை ஆட்கள் அங்கேயே இருக்கட்டும், இனி உங்கள் ஆட்கள்தான்.

"உங்குளுக்குங்ணா? உங்க ரெண்டு ஊருக்கு?"

"அதுக்கு எதுக்குங்க படை?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்கதான் வந்துட்டீங்களே. இனி நானு எந்திரிக்கலாங்களா?"

இத்தனை மாதமும் இந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆளில்லாமல் அவர் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"தாராளமாப் போங்ணா. மொதல்ல போய்ப் பேத்தியப் பாருங்க. நான் இருக்கறேன்."

உடனே நடுவன் தன் வேலையைப் பார்த்தது. "தென்கிழக்கு எழப்போகிறது. விலகுகிறதா, திரும்பி வருமா? சொல்லவும்."

மருதாசலம் பேசவில்லை. அந்தப் பக்கம் ஆட்டோ ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ, "அண்ணா, ரயிலுக்கு நேரமாச்சுங்" என்று கூப்பிட்டார்கள். கோகிலா காத்திருந்தாள். அவர் என்ன சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியும். வர்றனுங்க என்பார். சொல்லட்டும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அந்த இரண்டு ஊர்களையும் தன் படையை நிறுத்திக் காப்பாள். எத்தனை மாதமானாலும் சரி, அவர் வந்து பார்க்கும்போது அவர் இடம் இருக்கும். அவருக்கு அவள் பட்ட கடன் அது.

"தென்கிழக்கு சொல்லவும்" என்றது நடுவன் மறுபடியும்.

நாற்காலி பின்னால் நகரும் ஒலி கேட்டது. அப்புறம் கதவைச் சாத்தும் ஒலி. தென்கிழக்கின் விளக்கு அணைந்தது.

"தென்கிழக்கு சொல்லாமல் விலகியது. முறையற்றவர்" என்றது நடுவன்.

கோகிலாவுக்கு முதலில் சுருக்கென்று இருந்தது. வீட்டுக்கு வந்தவளை வாசல்வரை வந்து வழியனுப்பிய மனிதர், ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விட்டாரா? பிறந்த குழந்தையைப் பார்க்கப் புறப்படுகிறவர் வாயால் போறேன் என்று சொல்ல மாட்டார், அது புரிந்தது. ஆனால் வர்றேன் என்று சொல்லியிருக்கலாமே. அதைச் சொன்னால் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கதி என்னவாகும் என்பது அவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? அது புரிந்தபோது அவளால் தாங்க முடியவில்லை. வேலைக்குப் போகிற பெண் என்றும் பார்க்காமல் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நன்றாக அழுதாள்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, அணைந்துபோன விளக்கைப் பார்த்து, "போயிட்டு வாங்ணா" என்றாள்.

"கிழக்கு யாரையாவது எதிர்பார்க்கிறதா?" என்று உடனே கேட்டது நடுவன். "இடம் காக்க வேண்டுமா?"

"இல்லீங்க" என்றாள் கோகிலா. "ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."